நகராத ரயில்

"மூளையில ஓடுற அலையை இந்தத் தொப்பி படிக்கும். மனசு அமைதியாச்சுன்னா ஸ்கிரீன்ல ரயில் ஓடும். பதறினா நின்னுடும்" என்றாள் தெரபிஸ்ட் தீபிகா.

தொப்பியை மாட்டி ஒயரெல்லாம் செருகியும் ரயில் அசையவில்லை. இந்தத் தொப்பியை நம்பித்தான் மாகறலிலிருந்து விடியற்காலையிலேயே பஸ் பிடித்து வந்திருந்தோம்.

"இப்பவே இப்படி இருக்குதே, இன்னும் போகப்போக எப்படிம்மா?" என்றேன்.

"முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தாம்மா. பழகணும்."

வெளியே கருட சேவைக் கூட்டத்தில் வேட்டு வெடித்தது. கிளம்பப் பார்த்த ரயில் மறுபடி நின்றது. நாற்காலிக்குக் கீழே கால் கிடுகிடுவென்று ஆடியது. விரல் நகம் வாய்க்குப் போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. "காலை ஆட்டாம குந்துபா! ஸ்கிரீனைப் பாருபா!" என்று கத்திவிட்டேன். கால் இன்னும் வேகமாக ஆடியது.

மூலையில் என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த என் மகன் குரு எழுந்து வந்தான். யாரையும் தொடாத பிள்ளை, அப்பாவின் முழங்காலில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

திருத்தணியில் அப்பா முதலில் மொட்டை போட்டுக்கொண்ட பிறகுதான் அவன் தலையைக் காட்டினான். அதனால் இன்றைக்கும் தொப்பி முதலில் என் கணவர் தலையில்தான்.

"ஒண்ணுமில்லபா, ஒண்ணுமில்ல" என்றான் குரு. அவன் அலறும்போதெல்லாம் நான் சொல்வது.

கால் நின்றது. ரயில் கிளம்பியது.