அம்மாவுக்குத் தெரியாமல்

"அம்மா, சாட்டிங்ல பேசுறவன் நேர்ல பார்க்கணுங்கிறான். அம்மாவுக்குத் தெரியாம வரணுமாம்" என்றாள் இந்துப்ரியா, கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"வாரேன்னு சொல்லு" என்றாள் நாகமணி, டீயை ஆற்றிக்கொண்டே.

"எட்டாவது படிக்கிற பிள்ளைன்னு சொன்ன பிறகும் கூப்பிடுறாம்மா!"

"கூப்பிடட்டும். யூனிஃபார்ம்லயே வாரேன்னு போடு."

இந்துப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள்.

மறுநாள் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் சாக்லேட்டோடு நின்றவனின் சட்டையை, சுங்குடிச் சேலையில் வந்த நாகமணி கொத்தாகப் பிடித்தாள்.

"போன மாசம் காணாமப்போன கொட்டாம்பட்டிப் பிள்ளையையும் இதக் குடுத்துத்தானடா கூட்டிட்டுப் போன?"

அவன் சாக்லேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "நீங்க... இந்துவோட அம்மாவா?"

"ஸ்டேஷன்ல எல்லாருக்குமே இன்ஸ்பெக்டர் அம்மாதாண்டா!"

பின்னாலிருந்து வந்து அவன் கையில் விலங்கை மாட்டினாள் காக்கிச் சட்டைக் கான்ஸ்டபிள் இந்துப்ரியா.

"சொன்ன மாதிரியே யூனிஃபார்ம்ல வந்துட்டேன், அண்ணே."