ஐந்தாவது கேள்வி

உலக வரலாற்றிலேயே முதன்முறையாகக் கர்ப்பிணிப் பெண்களுக்கான மாபெரும் வினாடி வினாப் போட்டி நடக்கவிருப்பதாக, 1997ஆம் ஆண்டு ராமநாதபுரம் மாவட்டத்துச் சுவர்கள் அறிவித்தன.

இடம், மண்டபம் ஊரிலுள்ள ஒரு கல்யாண மகால். ஒரு பக்கம் உள்ளூர் அணி. எதிர்ப்பக்கம் இலங்கை அகதி முகாம் அணி. எந்த மண்ணின் தாய்க்கு அறிவு அதிகம் என்பதைச் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்து அரசாங்கத்துக்குத் தெரிவிக்கப் போவதாக, போட்டியை நடத்தும் சங்கத்தின் தலைவர் முத்துராமலிங்கம் ஒலிபெருக்கியில் வாக்குக் கொடுத்தார். அவர் அரிசி ஆலை வைத்திருப்பவர். பிரசவ வலி எப்படி இருக்கும் என்பதையும் அவரே விளக்கினார்.

உள்ளூர் அணியின் கடைசி நாற்காலியில் பூமயில் உட்கார்ந்திருந்தாள். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நாற்று நட்டுப் பிழைப்பவள். எட்டு மாதம்.

அவள் அறிவைக் காட்ட வரவில்லை. நேற்றிலிருந்து அவள் வயிற்றில் பிள்ளை அசையவில்லை.

"கடைசியில பிள்ளை ஒறங்கத்தான் செய்யும்" என்று மாமியார் முடித்துவிட்டாள். இப்படியும் ஓர் உறக்கமா என்று பூமயில் நம்பவில்லை. கூட்டத்துக்கு லேடி டாக்டர் வருகிறார் என்று ஊர் நர்ஸ் சொன்னதுதான் தாமதம், பஸ் ஏறிவிட்டாள்.

டாக்டர் சண்முகவள்ளி வந்துதான் இருந்தார். மேடையில், கழுத்து நிறைய மாலையோடு. ஆனால் போட்டியாளர் தவிர வேறு யாரும் மேடை ஏறக்கூடாது என்பது விதி. படிக்கட்டில் ஒருவரை நிறுத்தியும் வைத்திருந்தார்கள்.

பூமயில் யோசித்தாள். பேரைக் கொடுத்து அணியில் சேர்ந்துவிட்டாள்.

அதற்கு முன்னால், பொங்கல் பொட்டலத்துக்கு நின்ற வரிசையில்தான் முகாம் அணியின் தவமலரிடம் விஷயத்தைச் சொன்னாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி, மன்னார் வழியாகப் படகேறி வந்தவள் தவமலர். அவளும் வயிற்றைத் தாங்கிக்கொண்டுதான் நின்றாள்.

கேட்டதும் தவமலர் வரிசையை விட்டு விலகி வந்தாள்.

"ஒருத்தற்ற கதையும் கேக்காதேங்கோ அக்கா. உடன டாக்டரிட்ட சொல்லுங்கோ."

கேள்விகளை டாக்டரே தயாரித்து, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்துக் கொண்டுவந்திருந்தார். அவற்றைக் காத்த பெருமையைத் தலைவர் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒருமுறை சொன்னார். நான்கு கேள்விகள் போயின; பூமயில் எழுந்தபோதெல்லாம், முறை வரட்டும் என்று உட்காரவைத்தார்கள். கீரைக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று, மற்ற இரண்டும் அரசின் சாதனைகளுக்கு.

ஐந்தாவது பூமயிலுக்கு. தலைவர் சீட்டை எடுத்தார். பிரிக்கவில்லை. அதற்குள் மைக் அவள் கைக்கு வந்துவிட்டது. டாக்டர் எட்டித் தொடும் தூரத்தில் இருந்தார்.

"பிள்ளை நேத்துலருந்து அசையலம்மா. ஒடனே டாக்டரப் பாக்கணும்."

தலைவர் சீட்டைப் பிரித்தார். படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சபைக்கே படித்துக் காட்டினார்.

கேள்வி: வயிற்றில் குழந்தையின் அசைவு நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

விடை: உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"வினாத்தாள் வெளியாகிவிட்டது!" என்று தலைவர் கூவினார்.

மகால் கிடுகிடுத்தது. டாக்டர் சண்முகவள்ளி விருட்டென்று எழுந்து வந்தார். பூமயிலுக்குப் போன உயிர் திரும்பியது. முந்தானையை விலக்கி வயிற்றைக் காட்டத் தயாரானாள். டாக்டர் அவளைக் கடந்துபோய் உறையை எடுத்து, முத்திரை உடைந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அங்கேயே விசாரணை தொடங்கிவிட்டது.

"ஏத்தா, உண்மையச் சொல்லு. கேள்விய ஒனக்கு யாரு சொன்னா?" என்றார் தலைவர்.

"என் வயிறுதான்யா."

சனம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை.

"லொள்ளா? சரி, பதில யாரு சொன்னா?"

பூமயிலுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. எதிரணியில் இருந்த தவமலரைக் கை காட்டினாள். போட்டியாளரே எதிரணிக்கு விடை கொடுக்கும் துரோகத்தை அந்தச் சங்கம் அதுவரை கண்டதில்லை. முகாம் அதிகாரி பின்வரிசையில் எழுந்து நின்றார். இனி முகாமைவிட்டு வெளியே வர அனுமதி கேட்டுப் பார், என்றது அவர் பார்வை.

"ஒனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்று தலைவர் மைக்கைத் தவமலரிடம் நீட்டினார். துப்பு இன்னும் ஓரடி தூரத்தில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது.

"ஒருத்தரும் இல்லை ஐயா. போன வருசம் படகுக்குக் காத்துக் கிடக்கேக்க, என்ர மூத்ததும் வயித்துக்க இப்பிடித்தான் துடிப்பில்லாமல் கிடந்தது. நித்திரை எண்டுதான் நானும் நினைச்சனான்."



டாக்டர் சண்முகவள்ளி உறையைக் கீழே போட்டார். மாலையைக் கழற்றினார். பூமயிலை மேடை விரிப்பிலேயே படுக்கவைத்து, கூட்டத்துக்கு வந்திருந்த ஊர் நர்ஸின் பையிலிருந்து பிள்ளையின் இதயத்துடிப்பு கேட்கும் குழலை வாங்கி அவள் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார்.

இடம் மாற்றி வைத்தார். இன்னொரு முறை மாற்றினார்.

"என்னம்மா கேக்குது?" என்றாள் பூமயில்.

டாக்டர் குழலை எடுத்துவிட்டு, அவளுடைய சேலையை இழுத்துச் சரிசெய்தார். தவமலர் கீழே உட்கார்ந்து பூமயிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். சபைக்கு முடிவைத் தெரிவிக்குமாறு தலைவர் மைக்கை டாக்டரின் வாயருகே கொண்டுவந்தார். டாக்டர் அதைத் தள்ளிவிட்டார்.

போட்டி சமன் என்று அறிவிக்கப்பட்டது.