யானையே தொங்கினாலும்

ஏணி சரிந்து விழுந்ததும், ஃபிட்டரின் இரண்டு கைகளும் கூரை விளிம்பில் சற்றுமுன் அவரே மாட்டி முடித்த பிளாஸ்டிக் மழைநீர்க் குழாயைப் பற்றிக்கொண்டன. கால்கள் மாடி உயரத்தில் அந்தரத்தில் ஆடின.

"அம்மா! ஏணியைத் தூக்கி நிறுத்துங்க, சீக்கிரம்!"

வீட்டுக்கார அம்மா நிதானமாக அண்ணாந்து பார்த்தார். "பதறாதீங்க தம்பி. பக்கத்து வீட்டு அக்காவும் இதே மாதிரி மாட்டணும்னு சொல்லிட்டிருந்தாங்க. அப்படியே இருங்க, கூட்டிட்டு வந்து காட்டுறேன்."

"ஐயோ, விழுந்துடுவேன்மா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"எப்படி விழுவீங்க? குழாயைப் பிடிக்கிற ஒவ்வொரு கிளாம்புக்கும் நாலு ஸ்க்ரூ, யானையே தொங்கினாலும் அசையாதுன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க? அந்த நம்பிக்கையிலதானே உங்ககிட்ட வேலையைக் கொடுத்தேன்!"

"அம்மா, அது வந்து..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா கேட்டைத் தாண்டிவிட்டார்.

தலைக்கு மேலே குழாய் படக்கென்று ஒரு விரல் அளவு இறங்கியது. ஃபிட்டர் மூச்சுக்கூட விடாமல் தொங்கினார். ஆனாலும் உடம்பு நடுங்கிய நடுக்கத்தில், கிளாம்புக்கு மூன்று வீதம் அவர் மிச்சம் பிடித்திருந்த ஸ்க்ரூக்கள் பேன்ட் பைக்குள் கலகலவென்று குலுங்கின.