நடுவில் ஓடும் தையல்

“விபத்தாம்மா?” என்று தணிந்த குரலில் கேட்டாள் கடைக்கார அக்கா.

மேசைமேல் கிடந்த டி-ஷர்ட் கழுத்திலிருந்து அடிவரை வெட்டப்பட்டிருந்தது. அடிபட்டு வருகிறவர்களின் உடையை ஆஸ்பத்திரியில் அப்படித்தான் வெட்டி எடுப்பார்கள். அதைக் கொண்டுவந்தவள் ஆமென்று தலையை ஆட்டிவிட்டாள். ஆட்டிய பிறகுதான், உயிரோடு இருக்கும் கணவனை ஒரே தலையாட்டலில் கொன்றுவிட்டோம் என்று உறைத்தது.

அவன் சாகவில்லை. இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போய்விட்டான். அவன் விட்டுவிட்டுப் போன ஏழு டி-ஷர்ட்டுகளையும் அன்றைக்கே அடுப்படிக் கத்தரியால் வெட்டிப் போட்டவள் இவள்தான். ஆத்திரம் அடங்கித் திரும்பினால், அப்பாவின் சட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கும் சின்ன மகள் அறை வாசலில் நின்றிருந்தாள். அழக்கூட இல்லை. கிடந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு, “இதைத் திரும்ப ஒட்ட முடியுமாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விதான் அவளை இந்தக் கடைக்கு இழுத்து வந்தது. போர்வை தைக்கிற சாமான்கள் மட்டுமே விற்கும் சின்னக் கடை. பழைய டி-ஷர்ட்டுகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்தால் போர்வையாகிவிடும், எப்படி என்று அந்த அக்காவே சொல்லித் தருவாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள்.

அப்படி ஒரு போர்வை கடையின் சுவரிலேயே தொங்கியது. எல்லாம் ஆண்பிள்ளையின் டி-ஷர்ட்டுகள். ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் மேலிருந்து கீழாக, நெளிநெளியாக ஒரு வளைதையல், அழகுக்குப் போட்டதுபோல் ஓடியது.

“எங்க வீட்டுக்காரரோடது,” என்றாள் அக்கா. சொல்லிவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். உண்மையான துக்கத்துக்கு எதிரே பொய்த் துக்கத்தோடு நிற்கிறோமே என்று அவளுக்கு உடம்பு கூசியது. மகளுக்குப் போர்த்தக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் முணுமுணுத்தாள்.

அவள் கொண்டுவந்திருந்த பையிலிருந்து அக்கா அடுத்த டி-ஷர்ட்டை எடுத்தாள். அதுவும் கழுத்திலிருந்து அடிவரை. அதற்கடுத்ததும் அப்படியே. ஏழையும் வரிசையாக விரித்தவள், ஒரு கணம் நிதானித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேலையைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

பனியன் துணி இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். அப்படியே தைத்தால் சதுரம் சதுரமாக நிற்காது. அதனால் முதலில் பின்பக்கம், இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டு கேன்வாஸ். கெட்டியானது காலருக்குத்தான் சரி, போர்வைக்கு வைத்தால் அட்டைபோல் விறைத்துக்கொள்ளும். மெல்லியதே போதும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கக் கூடாது, இடம் இடமாக வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் துணி இழுபட்ட கோலத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பில் இரண்டு வகையைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். பாலியஸ்டர் புசுபுசுவென்று கை நிறைய இருந்தது, பருத்தி தட்டையாக இருந்தது. அவள் கை புசுபுசுவின் பக்கம் போனதும் அக்கா தடுத்தாள். கேன்வாஸ் ஒட்டிய பனியன் துணியே நல்ல கனம். அதற்குள் இதையும் வைத்தால் பிள்ளை புழுங்கிப்போகும். மெல்லிய பருத்திதான் தோதாக இருக்கும். அடித்துணிக்கோ பனியன் துணி கூடவே கூடாது. இழுபடாத பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்து, நாலு பக்கமும் நாலு விரல் கூடுதலாக விட்டு வெட்டினால் போர்வை கோணாமல் நிற்கும்.

“இந்த வெட்டை என்னக்கா பண்றது?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அது ஒண்ணும் கஷ்டமில்ல. ரெண்டு ஓரத்தையும் இடுக்கு விடாம சேர்த்து வெச்சு, பின்னாடி கேன்வாஸ ஒட்டிடு. அது பிடிச்சுக்கும். மேல ஒரு வளைதையல் போடு. பாக்கறவங்க பூவேலைன்னு நினைச்சுப்பாங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு துணியோடு வந்தாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த பருத்தித் துணி. சுவரில் தொங்கும் போர்வைக்கு அடித்துணி போட்டதில் மிஞ்சியதாம். இதுவரை யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லையாம்.

“உன் பொண்ணோட போர்வைக்கு இதைப் போடு,” என்று நீட்டினாள்.

அவளுக்கு அதைத் தொடவே கை வரவில்லை. காது மடலெல்லாம் சுட்டது. பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விடலாம்தான். ஆனால் ராத்திரி ராத்திரி மகளின் உடம்பில் அந்தப் பொய்யையல்லவா போர்த்த வேண்டும்?

“வேண்டாம்க்கா. அவரு சாகல. வேற ஒருத்திகூட இருக்காரு. இதெல்லாம் நான்தான் வெட்டினேன். உங்க துக்கத்துக்கு முன்னாடி நின்னு பொய் சொல்லிட்டேன்.”

கடையை விட்டு வெளியே போகச் சொல்வாள் என்று தலைகுனிந்து காத்திருந்தாள். அக்காவோ துணியை மடித்து அவள் பைக்குள் வைத்தாள்.

“ஏழு சட்டைய ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக்கிட்டு யாரும் விபத்துல மாட்ட மாட்டாங்கம்மா.”

பிறகு வாசல் பக்கம் யாரும் வருகிறார்களா என்று பார்த்தாள். அவள் முகமும் சிவந்திருந்தது. சுவரில் தொங்கிய போர்வையின் பக்கம் திரும்பாமலே, குரலை இன்னும் தணித்துக்கொண்டு சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரர் அடுத்த தெருவுலதான் இருக்காரு.”