கழுவின முகம்

"கண்ணைத் தொறக்காதீங்க, எண்ணெய் எறங்கிடும்."

காத்தாயி தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தொட்டுக் கன்னத்தில் தடவினாள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட யாரும் இத்தனை பக்குவமாக முகம் கழுவிவிட்டிருக்க மாட்டார்கள். பழைய சேலைத் துணி, பயத்தமாவு, வெதுவெதுப்பான தண்ணீர் எல்லாம் பக்கத்தில் தயாராக இருந்தன. 

"அழுத்தித் தேயேன் புள்ள. பெரட்டு வரிசையில போய் நிக்க நேரமாச்சு" என்று முனகினான் அவள் புருசன் வீரய்யா.

"அழுத்தினா தோலு செவந்துடும். அதுவே காட்டிக் குடுத்துடும். நேத்து ஆடுறப்போ இந்தப் பயம் எங்க போச்சு மாமா?"

சும்மா ஆட்டமா ஆடினான்! கொட்டகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நேற்று காமன் கூத்து. நடுவில் வீரய்யா மூஞ்சி பூரா வெள்ளை பூசித் துரை வேஷத்தில் வந்தான். துரை மாதிரியே மூக்கால் பேசி, துரையின் நாயைக் கண்டு துரையே ஓடுவதாக ஓடிக் காட்டினான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

பங்களாவுக்குப் புதிதாக வந்த சமையல்காரன், பாவி, அதைத் துரையின் காதில் போட்டுவிட்டான். நல்ல காலம், பூச்சுக்குள்ளே இருந்த ஆள் யாரென்று அவனுக்குத் தெரியாது.

ஆள் அகப்பட்டால் பத்துச்சீட்டுதான். அன்றைக்கே லயத்துக் காம்பிராவைக் காலி பண்ணிக்கொண்டு தோட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும். காத்தாயிக்கோ இது ஆறாம் மாசம். வயிற்றுப் பிள்ளையோடு எங்கே போவாள்?

பக்கத்துக் காம்பிரா மூக்கன் வாசலில் வந்து நின்றான். விடியக்காலம் காமனை எரித்த இடத்திலிருந்து நேராக வந்திருந்தான். நெற்றி பூரா சாம்பல்.

"வீரா, கண்டாக்கையா பெரட்டுக் களத்துல டார்ச்சு லைட்டோட நிக்கிறாரு. எவன் மூஞ்சில வெள்ளை ஒட்டியிருக்குன்னு காது, புருவம் எல்லாம் பாக்கப் போறாராம்."

சொல்லிக்கொண்டே மடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தான். "இந்தா, காமன் சாம்பல். பூசிக்க. நோய் நொடி அண்டாது."

வீரய்யா நெற்றியை நீட்டினான். காத்தாயி மூக்கனின் கையைத் தட்டிவிட்டாள்.

"சும்மா இருண்ணே! உசிரக் குடுத்துக் கழுவி வச்சிருக்கேன், நீ வந்து பூசுறியா?"

மறுபடி ஆரம்பித்தாள். துணி நுனியை முறுக்கிக் காது மடிப்புகளைத் துடைத்தாள். புருவத்தை மயிர் மயிராக நீவினாள். மாவு போட்டு, தண்ணீர் விட்டு, குப்பிலாம்பைக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். திருப்தி வராமல் இன்னொரு தரம் கழுவினாள். தப்பு மேளம் அடித்துப் பெரட்டுக்குக் கூப்பிட்ட பிறகுதான் அவனை விட்டாள்.

பெரட்டுக் களத்தில் நல்ல பனி. ஆம்பளைகள் ஐம்பது பேர் வரிசையாக நின்றார்கள். வேலையை மேற்பார்க்கும் சிறில் கண்டாக்கையா ஒவ்வொரு முகத்திலும் வெளிச்சம் அடித்துக்கொண்டு வந்தார். பெண்கள் பக்கம் நின்ற காத்தாயி எட்டி எட்டிப் பார்த்தாள்.

வீரய்யாவின் முறை வந்தது. காதைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். புருவத்தை விரலால் தேய்த்து, விரலையும் பார்த்தார். ஒன்றுமில்லை.

"சரி, நில்லு."

மாரியாத்தா! காத்தாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கண்டாக்கையா வரிசையின் கடைசி வரைக்கும் போனார். ஒருத்தரும் அகப்படவில்லை. கடுப்போடு திரும்பி நின்று, டார்ச்சை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு தரம் ஓட்டினார். வெளிச்சம் பாதியில் நின்றது. கண்டாக்கையா சிரித்தார்.

"ஏன் வீரய்யா, மத்த அத்தன பேரு நெத்தியிலயும் காமன் சாம்பல் இருக்கு, உன் நெத்தியில மட்டும் எங்கடா?"