ஆறு டிக்கெட்டும் ஒரு டிரைவரும்

"பாத்தியா, சொல்லாமலே வண்டியக் கழுவி மெழுகு போட்டுக் கொண்டாந்து நிறுத்தியிருக்கான்!" ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த அண்ணன்காரனுக்கு வாயெல்லாம் பல். "டூர் போறோம்னு மோப்பம் புடிச்சிட்டான்போல."

வாசலில் தம்பியின் வண்டி பளபளத்தது. ஏழு பேர் உட்காரலாம். ஆஸ்பத்திரி நர்ஸுகளை ஷிஃப்டுக்கு ஏற்றி இறக்கிப் பிழைக்கிற வண்டி அது. இன்றைக்குப் புது சீட் கவர் வேறு.

தம்பி உள்ளே வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தான். நாற்பத்தாறு வயதாகிறது, இந்த வீட்டில் இன்னும் அவன் ஓரத்தில்தான் உட்காருவான். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கென்று இருந்தது இந்த ஒரு வீடு. அதனால்தான் விஷயத்தை முதலில் இங்கே சொல்லிவிட வேண்டும் என்று, வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான்.

"அண்ணே, ஒரு விஷயம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"இரு இரு, மொதல்ல இதப் பாரு." அண்ணன்காரன் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினான். தீம் பார்க். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அலறும் ஜனங்கள். "வர்ற வியாழக்கிழமை விடியக்காலம் கெளம்பறோம். பதினாலு மணி நேரம் ஓட்டணும். நீ ஓட்டிடுவ."

ஓட்டுவாயா என்று கேட்கவில்லை. தம்பியிடம் எதையும் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது, சொல்வதோடு சரி. அண்ணன்காரனுக்குத் திட்டம் போடுவதென்றால் உயிர். உழைப்பு அடுத்தவன் தலையில் விழுகிற திட்டமென்றால் இன்னும் இனிக்கும்.

"வியாழக்கிழமை வந்துண்ணே..."

"முன் சீட்டு எனக்கு," என்று குறுக்கே புகுந்தாள் அண்ணிக்காரி. "பின்னாடி உக்காந்தா எனக்குக் கொமட்டும். நீங்க, என் தங்கச்சி, அவ வீட்டுக்காரரு மூணு பேரும் நடுவுல. பசங்க ரெண்டும் கடைசியில."

"ஏன், நான் முன்னாடி உக்காரக் கூடாதா? இவ்வளவு பிளானும் போட்டவன் நான்!"

"ஆமா, பெருசா மலையப் பொரட்டிட்டீங்க!"

வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே? அடுத்தவன் வண்டியின் முன் சீட்டுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் கால்மணி நேரம் மல்லுக்கு நின்றார்கள். வண்டிக்குச் சொந்தக்காரன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

அதற்குள் வண்டியில் ஏறிக் குதித்துவிட்டு ஓடி வந்தாள் அண்ணன் மகள். "சித்தப்பா, முன் சீட்டுல இது கெடந்துச்சு."

நீலக் கல் வைத்த ஹேர் கிளிப்.

"எவளாவது நர்ஸு விட்டுட்டுப் போயிருப்பா." அண்ணிக்காரி அதை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கு, நானே வச்சிக்கறேன்."

"குடுத்துடுங்க அண்ணி. அவங்க தேடுவாங்க." தம்பி எழுந்து நின்று கையை நீட்டினான்.

"அடேயப்பா, பெரிய வைரம்!" என்று கழற்றி அவன் கையில் விட்டெறிந்தாள். அவன் அதைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சித்தப்பா, நீங்களும் எங்ககூட ரோலர் கோஸ்டர்ல ஏறுவீங்கல்ல?" என்று கேட்டது குழந்தை. அந்த வீட்டில் மனிதப் பிறவி அது ஒன்றுதான்.

"அவன் எதுக்கு?" என்றான் அண்ணன்காரன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பையெல்லாம் யாரு பாத்துக்கறது? நமக்கு ஆறு டிக்கெட் போதும். ராத்திரி வண்டியிலயே படுத்துக்குவான். அவனுக்கு இந்த ஆட்டம் பாட்டமெல்லாம் புடிக்காது."

என்ன பிடிக்கும் என்று ஒருநாளும் விசாரிக்காதவனுக்கு, என்ன பிடிக்காது என்று மட்டும் எப்படித்தான் தெரிந்ததோ!

"அண்ணே, ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்கண்ணே."

"பெட்ரோல்தானே? போட்டுத் தொலைக்கறேன், அழாத." அண்ணன்காரன் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். "முடிஞ்சுது. ஆறு டிக்கெட், ரெண்டு ரூம். ஆண்டவனே வந்தாலும் இனிமே தேதிய மாத்த முடியாது. கட்டின பணமும் திரும்ப வராது."

"வியாழக்கிழமை என்னால வர முடியாதுண்ணே. வண்டியும் வராது."

சோபாவே வாயைத் திறந்து பேசியிருந்தால்கூட அவர்கள் அப்படி விழித்திருக்க மாட்டார்கள். அண்ணிக்காரிக்குத்தான் முதலில் பேச்சு வந்தது.

"பாத்தீங்களா உங்க தம்பிய? ஊருல இருக்கறவளுக்கெல்லாம் வண்டி ஓட்டுவாரு, நமக்குன்னா மட்டும் கை வலிக்குது!"

அண்ணன்காரன் லேப்டாப்பைப் படீரென்று மூடினான். முகம் சிவந்துவிட்டது. "உனக்கு என்னடா, குடும்பமா குட்டியா? எங்கள விட்டா உனக்கு நாதி ஏது? பணத்தக் கட்டிட்டு நிக்கறேன், இப்ப வந்து வர முடியாதுங்கற! அப்படி வியாழக்கிழமை நீ என்னத்தக் கிழிக்கப் போற?"

தம்பி அண்ணனை நேராகப் பார்த்தான். கேவலமாகத்தான் கேட்கிறார், இருந்தாலும் கேட்டுவிட்டாரே என்று அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

"கல்யாணம் பண்ணிக்கப் போறேண்ணே."