பின்சீட் இல்லாத வண்டி

அவள் கார்க் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே இரண்டு இருக்கைகள். ஒன்று ஓட்டுகிற அவள் கணவனுக்கு. இன்னொன்று அவளுக்கு.

அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தாரணி நிற்கிறாள். ஆறு வயது. குழந்தைகள் இல்லத்தில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்ட தலை. இன்றிலிருந்து இவர்கள் வீட்டுப் பிள்ளை.

காலையில்தான் போன் வந்தது. தத்துக்கான வேலையெல்லாம் முடிந்தது, இன்றே வந்து அழைத்துப் போகலாம் என்றார்கள். அடுப்பில் பால் இருந்தது. அணைத்தாளா என்று இப்போதுகூட நினைவில்லை. அவன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். தினமும் ஏறுகிற வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். பொள்ளாச்சியிலிருந்து வழி முழுக்க ஒரே பேச்சு. குழந்தைக்கு இட்லி பிடிக்குமா, தோசையா. விளக்கை அணைத்தால் பயப்படுமா.

எங்கே உட்காரும் என்று மட்டும் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அவ்வளவு காலம் இரண்டு பேராகவே இருந்துவிட்டார்கள்.

குழந்தைக்காக இனி முயற்சி வேண்டாம் என்று டாக்டர் சொன்ன வருஷம் வாங்கிய கார். சிவப்பு. தரையோடு தரையாகப் போகும். மற்றவர்களானால் இந்த மாதிரி வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பார்கள். இவர்கள் இதில்தான் சந்தைக்குப் போனார்கள், பல் டாக்டரிடம் போனார்கள், மாவு அரைக்கப் போனார்கள். ஒருமுறை வாழைத்தாரை மடியில் வைத்துக்கொண்டு கிரகப்பிரவேசத்துக்குப் போனாள்.

பெரிய வேகத்தடை வந்தால் அவள் இறங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் எடைக்கு வண்டியின் அடி தட்டும். அவள் நடந்து தாண்டுவாள். அவன் மெதுவாக ஏற்றி இறக்கி நிறுத்துவான். மறுபடி ஏறிக்கொள்வாள். தெருவே வேடிக்கை பார்க்கும். அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பின்சீட்டே இல்லாமல் இதென்ன வண்டி என்று அவன் அத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் நாலு பேர் முன்னால் கேட்டாள். எங்களுக்கு எதற்குப் பின்சீட் என்று இவள் வெடுக்கென்று சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வீட்டைப் பார்க்க வந்த அதிகாரிகள் மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். காரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது தாரணி பார்க்கிறாள்.

"நா எங்க உக்கார்றது?"

குறை சொல்லவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் தன் இடத்தைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

வழியனுப்ப வந்த இல்லப் பொறுப்பாளர் அம்மா குனிந்து காருக்குள் பார்த்தார். மடியில் வைத்துக்கொள்வோம் என்று அவன் அவசரமாகச் சொன்னான். முன்சீட்டில் மடியில் வைப்பது ஆபத்து, நான் அனுப்பமாட்டேன் என்றார். கோபமில்லை. ஆனால் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிடுவாரோ? இன்னொரு நாளை அவளால் தாங்க முடியாது.

அவன் போனில் டாக்சி தேடினான். பக்கத்தில் வண்டி எதுவும் இல்லையாம்.

அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஆக, அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்க பாப்பாவக் கூட்டிட்டு முன்னால போங்க. நான் பஸ்ல வந்தர்றேன்."

சொல்லிவிட்டாள். விரலை எடுக்கத்தான் முடியவில்லை. எத்தனை வருஷமாக ஏங்கிய கை. பிடித்து இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

தாரணி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நீங்க வரமாட்டீங்களா?"

அந்தக் கேள்வியை அவள் இதற்கு முன்பும் யாரிடமோ கேட்டிருக்கிறாள். குரலிலேயே தெரிந்தது.

அவன் கார்க் கதவைச் சாத்தினான். வண்டி இங்கேயே நிற்கட்டும், பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று பொறுப்பாளரிடம் சொன்னான். அவர் முகம் தெளிந்தது. நல்லபடியாகப் போய்வாருங்கள் என்றார்.

மூவரும் சாலையைத் தாண்டி நின்று பஸ்ஸுக்குக் கை காட்டினார்கள்.

பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் இருக்கை ஒன்று காலியாக இருந்தது. தாரணியை நடுவில் உட்கார வைத்தார்கள். அவள் கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதையே அவன் பார்த்துக்கொண்டு வந்தான்.

கண்டக்டர் வந்து எத்தனை என்று கேட்டார்.

"ரெண்டு" என்றான் அவன்.

காலகாலமாகச் சொல்லிப் பழகிய நாக்கு. கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நடுவில் இருந்தவளைப் பார்த்தார்.

"பாப்பா யாருகூட வந்திருக்குதுங்க?"

அவனுக்குச் சுரீரென்றது. எங்கள் பெண் என்று அவள் அடுக்களையில், படுக்கையில், தனியாக இருந்த போதெல்லாம் சொல்லிப் பார்த்த பதில்தான். அவள் தாரணியின் விரலைத் தேடிப் பிடித்தாள்.

தாரணி இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ரெண்டு பேருகூடயும்தான்" என்றாள்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அரை டிக்கெட்டை அவள்தான் கேட்டு வாங்கினாள்.